இல்லாமலே போகக்கூடிய துணிக்கை: மேற்படிப்புக்கு எந்தத் தேடலில் சேர்வது?

கல்முனைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாட்டு ஆய்வுக் குழுக்களுக்கு எழுதிப் போட்டிருந்தார். மூன்று குழுக்கள் ‘விண்ணப்பியுங்கள், பேசுவோம்’ என்று பதில் அனுப்பியிருக்கின்றன. ஒன்று செனன் தொட்டி வைத்து விம்ப் என்ற துணிக்கையைத் தேடுகிறது. இன்னொன்று பெரிய காந்தத்துக்குள் அக்சியன் என்ற துணிக்கையைத் தேடுகிறது. இரண்டும், ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கண்ணுக்குப் படாத கரும்பொருளாக இருக்கலாம் என்று ஊகிக்கப்படுபவை. மூன்றாவது, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் புரோத்தன் மோதல்களை ஆராய்கிறது. மூன்றும் தேடுவது இதுவரை எவரும் காணாத துணிக்கைகளை. அப்படியொன்று இயற்கையிலேயே இல்லாமல் இருக்கவும் கூடும்.

உயர்தரத்தில் என்னிடம் படித்த பிள்ளை என்பதால் “எதை எடுக்க, சேர்?” என்று கேட்டார். தாயாரின் கேள்வி அதைவிடக் கூர்மையானது: “இல்லாத ஒண்டத் தேடுறதுக்கு ஆரு சேர் சம்பளம் குடுப்பாங்க? அஞ்சாறு வருசம் தேடிப்போட்டுக் கிடைக்கல்லெண்டா மறுகா இவளுக்கு ஆரு பட்டம் குடுக்கிற?”

இதே குழப்பத்தோடு சம்மாந்துறையிலிருந்தும் வந்தாறுமூலையிலிருந்தும் வேறு பிள்ளைகளும் கேட்பதால், நான் போட்டுப் பார்த்த கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

தாயாருக்கு உரிய பதிலை முதலில் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதி மாணவருக்குப் பொதுவாகக் கற்கைக் கட்டணம் தள்ளுபடி; கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ மாதப் படியும் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலும் வேலை ஒப்பந்தமே தருவார்கள். வயலை விற்க வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டணம், விசா, விமான ரிக்கட், முதல் மாதச் செலவு, இவைதான் நம் தலையில். பட்டமும் துணிக்கை கிடைத்தால்தான் என்றில்லை. ‘இந்த எல்லைக்குள் அது இல்லை’ என்பதை எவ்வளவு நம்பகமாக நிறுவினாய் என்பதற்குத்தான் பட்டம். கரும்பொருள் தேடி இதுவரை பட்டம் வாங்கிய அத்தனை பேரும் அதைக் காணாமலே வாங்கியவர்கள்தான்.

ஆனால் அவருடைய கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. இல்லாததைத் தேடுவதில் எது முறையான தேடல், எது வீண் அலைச்சல்?

வரலாற்றைப் பார்த்தால் இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. 1930இல் வொல்ப்காங் பவுளி, பீற்றாச் சிதைவில் சக்திக் கணக்கு உதைக்கிறதே என்று, கண்ணுக்குப் படாத ஒரு துணிக்கை அதைக் கொண்டுபோகிறது என்றார். நியூத்திரினோ என்று பின்னால் பெயர் பெற்ற அதை ரெயின்ஸும் கோவனும் அணு உலைப் பக்கத்தில் பிடித்தது 1956இல். மற்றத் துணிக்கைகள் திணிவு பெறுவதை விளக்கும் ஹிக்ஸ் துணிக்கை 1964இல் காகிதத்தில் வந்தது. 2012இல்தான் சேர்னில் கிடைத்தது. மறுபக்கம் வல்கன் என்ற கிரகம். யுரேனசின் பாதை பிசகுகிறது என்று கணக்குப் போட்டு, 1846இல் நெப்தியூன் இருக்கும் இடத்தைச் சொன்ன லெ வெரியேதான், புதன் பிசகுவதைப் பார்த்து 1859இல் சூரியனுக்கு அருகே இன்னொரு கிரகம் உண்டென்றார். அதே ஆள், அதே கணக்கு முறை. வல்கன் இல்லவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை வந்து புதனின் பிசகலை விளக்கிவிட்டது. ஆக, முன்மொழிந்தவர் கெட்டிக்காரர் என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

நான் பார்ப்பது மூன்றை. அந்தத் துணிக்கை இருக்கலாம் என்று நினைக்கக் காரணம் என்ன? கிடைக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? அந்த ஐந்தாறு வருடத்தில் மாணவரின் கை உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கும்?

காரணம் என்று எதைச் சொல்வது

பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவித் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். அது மீனா, மட்டியா, வேறு ஏதாவதா என்ற சச்சரவு இன்னும் முடியவில்லை. ஆனால் கேட்டவர்கள் உண்டு, ஒலிப்பதிவும் உண்டு. சத்தம் கேட்டபின் ‘இது எதன் சத்தம்’ என்று தேடுவது ஒரு வகை. சத்தமே கேட்காமல், இவ்வளவு அழகான வாவியில் பாடும் மீன் இல்லாமலா போகும் என்று தோணியை இறக்குவது இன்னொரு வகை. துணிக்கைத் தேடல்களிலும் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன.

கரும்பொருள் முதலாவது வகை. 1933இல் ஸ்விக்கி கோமா விண்மீன் மண்டலக் கொத்தைப் பார்த்தபோதே, கண்ணுக்குத் தெரியும் திணிவு அதைக் கட்டி வைக்கப் போதாது என்று கண்டார். 1970களில் வேரா ரூபின், விண்மீன் மண்டலங்களின் ஓரத்து நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவதை அளந்து காட்டினார். பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சும் அதையே சொல்கிறது: சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வேறேதோ இருக்கிறது. அது துணிக்கைதானா என்பது ஊகம். ஏதோ இருக்கிறது என்பது ஊகமல்ல.

மீச்சமச்சீர்த் துணிக்கைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஹிக்ஸின் திணிவு ஏன் இவ்வளவு சிறிது என்ற கேள்வி கோட்பாட்டாளரை உறுத்துகிறது. அந்த உறுத்தலைத் தீர்க்க ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு சோடி வேண்டும் என்றார்கள். உறுத்தல் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் எந்த அளவீடும் பிழைத்துப்போய் அதைக் கேட்கவில்லை. சேர்னின் பெரிய மோதல் இயந்திரமான எல்.எச்.சி. இன்றுவரை ஒரு சோடியையும் காணவில்லை.

அக்சியன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நியூத்திரனின் உள்ளே மின்னேற்றங்கள் சற்றே விலகி நிற்க, அணுக்கருவைக் கட்டி வைக்கும் வன்விசை பற்றிய கோட்பாடு இடம் தருகிறது. அளந்து பார்த்தால் அந்த விலகல் தெரிவதேயில்லை. ஏன் இல்லை என்பதற்கு 1977இல் பெச்சேயும் குவினும் ஒரு வழி சொன்னார்கள். அந்த வழி சரியென்றால் ஒரு புதுத் துணிக்கை இருந்தாக வேண்டும் என்று அடுத்த வருடம் வெயின்பேர்க்கும் வில்செக்கும் காட்டினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அந்தத் துணிக்கை கரும்பொருளாகவும் இருக்க முடியும் என்று. ஒரு புதிருக்கென்று செய்த சாவி இன்னொரு பூட்டுக்கும் பொருந்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது சான்றல்ல என்பதும் தெரியும்.

கிடைக்காவிட்டால் என்ன மிஞ்சும்

இதற்குப் புரோத்தன் சிதைவுத் தேடலைவிட நல்ல பாடம் இல்லை. 1970களில் வந்த பெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாடுகள், புரோத்தன் நிலையானதல்ல, மிக அரிதாகச் சிதையும் என்றன. கர்நாடகத்தில் கோலார் தங்கவயலில், நம் தமிழ்த் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் இறங்கி உழைத்த அந்தச் சுரங்கத்தில், நிலத்துக்குக் கீழே 2 கிலோமீற்றருக்கு மேலான ஆழத்தில், 140 தொன் எடையுள்ள கருவி ஒன்றை வைத்து 1980களில் தேடினார்கள். அதே சுரங்கத்தில்தான் 1965இல், வளிமண்டலத்தில் பிறந்த நியூத்திரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்ட பரிசோதனைகளில் ஒன்றும் நடந்தது. புரோத்தன் சிதைவுக்குச் சில நிகழ்வுகளைக் காட்டினார்கள். பெரிய கருவிகள் அவற்றை ஆமோதிக்கவில்லை. 2001இல் சுரங்கத்தை மூடியதோடு அந்த இடமும் போயிற்று.

ஜப்பானில் கமியோகாச் சுரங்கத்தில் 3000 தொன் தண்ணீரை நிரப்பி மசத்தோஷி கோஷிபாவின் குழுவும் அதே சிதைவைத்தான் தேடியது. கிடைக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ‘அதிர்ஷ்டவசமாக 1987இல் ஒரு சுப்பர்நோவா, அதாவது ஒரு பெரு நட்சத்திரம், வெடித்தது, அதன் நியூத்திரினோக்கள் மாட்டின’ என்று முடித்துவிடுவார்கள். அதிர்ஷ்டம் பாதிதான். புரோத்தன் சிதையாததைப் பார்த்த கோஷிபா, அதே தொட்டியில் சூரிய நியூத்திரினோக்களைப் பார்க்கலாம் என்று கருவியைத் திருத்தினார். பின்னணி இரைச்சலைக் குறைத்து, குறைந்த சக்தி நிகழ்வுகளும் தெரியும்படி ஆக்கினார். திருத்திய கருவி 1987 ஆரம்பத்தில் ஆயத்தமானது. பெப்ரவரி 23ஆம் திகதி சுப்பர்நோவாவின் நியூத்திரினோக்கள் வந்தன. கமியோகாவில் பதிவானவை பதினொன்று. திருத்தாமல் விட்டிருந்தால் அவை இரைச்சலோடு இரைச்சலாகப் போயிருக்கும். கோஷிபாவுக்கு 2002இல் நோபல். பின்னால் வந்த 50,000 தொன் சுப்பர்-கமியோகாண்டே, நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டென்பதை 1998இல் காட்டியது. அதற்கு 2015இல் தக்காக்கி கஜித்தாவுக்கு நோபல். புரோத்தன் இன்றுவரை சிதையவில்லை.

ஆகவே ஒரு குழுவை எடைபோடும்போது நான் கேட்பது இதைத்தான்: தேடுவது கிடைக்காத நாளில், அதே கருவி வேறெதற்கு உதவும்?

செனன் தொட்டிகள்

இந்தக் கேள்விக்குச் செனன் குழுக்களிடம் நல்ல பதில் இருக்கிறது. வேலை செய்யும் விதம் எளிது. திரவச் செனன் நிறைந்த தொட்டியில் ஒரு துணிக்கை ஒரு செனன் கருவை இடித்தால் ஒரு சிறு ஒளிப்பொட்டு தோன்றும். கூடவே விடுபடும் இலத்திரன்கள் மின்புலத்தில் மேலே ஏறி, வாயுப் பகுதியில் இரண்டாவது ஒளியைத் தரும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து ஆழம் தெரியும், இரண்டின் விகிதத்திலிருந்து இடித்தது எந்த வகை என்று ஊகிக்கலாம்.

அமெரிக்காவில் தென் டகோட்டாவிலுள்ள பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், 7 தொன் செனனோடு எல்.இசட். என்ற கருவி இயங்குகிறது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் செனன்-என்.ரி., சீனாவின் ஜின்பிங்கில் பாண்டா-எக்ஸ். மூன்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன. 2024இல் எல்.இசட். வெளியிட்ட முடிவு அதுவரையில் மிகக் கடுமையானது. விம்ப் இல்லை.

மிஞ்சியவை சாதாரணமானவை அல்ல. 2019இல், செனன்-என்.ரி.க்கு முந்திய கருவி, செனன்-124 என்ற சமதானி சிதைவதை நேரில் கண்டது. அதன் அரை ஆயுள் 1.8×10²² வருடம். பிரபஞ்சத்தின் வயதைவிட ஒரு இலட்சம் கோடி மடங்குக்கும் மேல். நேரடியாக அளந்தவற்றில் அவ்வளவு மெதுவான சிதைவு அதுவரை இல்லை. 2024இல் சூரியனின் போரன்-8 நியூத்திரினோக்கள் செனன் கருக்களைத் தட்டுவதன் முதல் அறிகுறிகளை இத்தாலிக் குழுவும் சீனக் குழுவும் வெளியிட்டன.

இந்தக் கடைசி வெற்றிதான் எச்சரிக்கையும். கருவி அவ்வளவு நுண்மையாகிவிட்டது என்றால், இனிமேல் சூரிய நியூத்திரினோக்களே விம்ப் போலத் தோன்றி இடைஞ்சல் செய்யும். அடுத்த கட்டமாக 60 தொன்னுக்குக் குறையாத செனனோடு பெரிய தொட்டி ஒன்றைக் குழுக்கள் சேர்ந்து திட்டமிடுகின்றன. இப்போது சேரும் மாணவர் பழைய கருவியின் கடைசித் தரவுக்கும் புதிய கருவியின் வரைபடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளலாம். எல்.இசட். குழுவில் 200க்கு மேற்பட்டவர்கள். ஒரு மாணவரின் பங்கு பின்னணி இரைச்சல் தரும் றேடன் என்ற கதிரியக்க வாயுவை எண்ணுவதாக இருக்கலாம், ஒரு தரப்படுத்தலாக இருக்கலாம், கணினிப் பகுப்பாய்வின் ஒரு மூலையாகவும் இருக்கலாம். நல்ல பயிற்சிதான். ஆனால் கருவியை முழுதாகத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் குறைவு.

2020 கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பழைய கருவி, குறைந்த சக்தியில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான நிகழ்வுகளைக் கண்டது. சூரிய அக்சியனா, திரித்தியம் என்ற கதிரியக்க ஐதரசன் கலந்துவிட்டதா என்று உலகமே பேசியது. 2022இல் புதிய கருவி பார்த்தபோது அந்தக் கூடுதல் காணாமல் போயிருந்தது. அவர்கள் அதை மூடி மறைக்காமல், தாங்களே கிளப்பியதைத் தாங்களே மறுத்து வெளியிட்டார்கள். குழுவின் நாணயத்துக்கு இதைவிட நற்சான்றிதழ் வேண்டாம்.

அக்சியன்: காந்தமும் ஒரு செப்பு உருளையும்

அக்சியன் இடித்துத் தெரியும் சாமான் அல்ல. அதன் திணிவு மிகமிகக் குறைவு. பியேர் சிக்கிவி 1983இல் சொன்ன வழி இது: வலிமையான காந்தப்புலத்துக்குள் அக்சியன் நுழைந்தால் அது நுண்ணலைப் போட்டனாக, அதாவது ஒளித் துணிக்கையாக, மாறச் சிறிய வாய்ப்பு உண்டு, அந்தப் போட்டனின் மீடிறன் அக்சியனின் திணிவைப் பொறுத்தது, ஆகவே ஓர் உலோக உருளையை அந்த மீடிறனுக்குப் பரிவுறச் செய்தால் சமிக்ஞை பெருகும். உயர்தரச் செய்முறையில் இசைக்கவையைத் தட்டிப் பரிவுக் குழாயின் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கியவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. வித்தியாசம், இங்கே இசைக்கவையின் மீடிறன் எவருக்கும் தெரியாது.

சியாற்றிலில் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஏ.டி.எம்.எக்ஸ். இதைத்தான் செய்கிறது. ஆளின் இடுப்பு உயரத்தைத் தாண்டும் செப்புப் பூசிய உருளை. அதைச் சுற்றி ஏறத்தாழ 8 ரெஸ்லா மீகடத்திக் காந்தம். பூமியின் காந்தப்புலத்தைவிட ஒரு இலட்சம் மடங்குக்கு மேல். உருளைக்குள் இரண்டு செப்புக் கோல்கள். அவற்றை இம்மி இம்மியாகத் திருப்பினால் பரிவு மீடிறன் நகரும். திருப்பு, கேள், பதி, மறுபடி திருப்பு. முழுவதும் தனிப்பூச்சியத்துக்கு மேலே கெல்வினில் பத்திலொரு பங்களவு குளிரில். எதிர்பார்க்கும் சமிக்ஞையின் வலு 10⁻²³ வாற்று அளவில். 2018இல் அவர்கள் வெளியிட்ட தேடல் 645 முதல் 680 மெகாஹேட்ஸ் வரை, பழைய யூ.எச்.எப். தொலைக்காட்சி அலைவரிசைப் பகுதிதான். நம்பத்தகுந்த அக்சியன் மாதிரிகளில் மிக மங்கலான சமிக்ஞையைத் தருவதைக்கூட எட்டிப் பார்த்த முதல் தேடல் அது. அந்தத் துண்டில் அக்சியன் இல்லை.

எனக்கு இந்தக் குழுவில் மிகவும் பிடித்தது அவர்கள் தங்களையே ஏமாற்றிப் பார்க்கும் பழக்கம். பகுப்பாய்வு செய்பவர்களுக்குத் தெரியாமல் இடைக்கிடை ஒரு பொய்ச் சமிக்ஞையைக் கருவிக்குள் விடுவார்கள். ஒருமுறை அப்படியொன்று ஒவ்வொரு சோதனையாகத் தாண்டி, உண்மை அக்சியன்போலவே நின்றது. கடைசியில்தான் அது உள்ளே விட்ட போலி என்று வெளிப்படுத்தினார்கள். வந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்ல இதைவிட நேரான நிரூபணம் இல்லை. ‘இல்லை’ என்ற முடிவுக்கு விலை வருவது இப்படித்தான்.

குறைகளும் பெரிது. அக்சியனின் திணிவு பல பதின்மடங்குகளுக்குப் பரந்து கிடக்கலாம்; ஒரு உருளை அதில் ஒரு சிறு கீற்றைத்தான் தடவும். மேல் மீடிறனுக்குப் போகப் போக உருளை சிறிதாகும், சமிக்ஞையும் சுருங்கும். இன்னொன்று, கரும்பொருள் முழுக்க அக்சியன்தான், அது நம்மைச் சுற்றிச் சீராகப் பரவியிருக்கிறது என்ற இரட்டை அனுமானத்தின் மேல்தான் எல்லைக் கோடு நிற்கிறது. அந்த அனுமானம் வேண்டாம் என்பவர்களுக்கு ஹம்பேர்க்கில் ஆல்ப்ஸ் பரிசோதனையின் இரண்டாம் கட்டம் இருக்கிறது. ஒரு பழைய ஆர்முடுக்கியின் 24 காந்தங்களை வரிசையாக வைத்து, நடுவில் சுவர் எழுப்பி, ஒரு பக்கம் லேசர் அடித்து, மறுபக்கம் ஒளி வருகிறதா என்று பார்க்கிறார்கள். சுவரை ஊடுருவுவது அக்சியன் போன்ற ஏதோவொன்றாக இருந்தால் மட்டுமே வரும். 2023இல் தொடங்கியது. சேர்னில் இருந்த காஸ்ட் இன்னொரு விதம்: எல்.எச்.சி.க்கென்று செய்த பரீட்சார்த்தக் காந்தம் ஒன்றை, அங்கிருந்து அக்சியன் வருகிறதா என்று பார்க்கச் சூரியனை நோக்கித் திருப்பி, உதயத்தில் ஒன்றரை மணித்தியாலம், அஸ்தமனத்தில் ஒன்றரை மணித்தியாலம் பார்த்தார்கள். சந்தியாவந்தனம் என்று நான் வகுப்பில் பகிடியாகச் சொல்வதுண்டு.

கிடைக்காவிட்டால்? அக்சியன் உருளை சுப்பர்நோவாவைப் பிடிக்காது. கமியோகாத் தொட்டிபோல வேறு வேலைக்குத் திருப்ப அதில் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த இடத்தில் செனன்தான் முன்னுக்கு. ஆனால் மாணவரின் கையில் மிஞ்சுவது வேறு. அந்த நுண்ணிய சமிக்ஞையைப் பெருக்கப் பயன்படும் மீகடத்திப் பெருக்கிகள், குவாண்டம் கணினிகளின் விடைகளை வாசிக்கவும் பயன்படுபவை. யேல் பல்கலைக்கழகத்தின் ஹேஸ்ராக் குழு, 2021இல் குவாண்டம் இரைச்சலை ஒரு பக்கமாக நெரித்துத் தள்ளித் தேடும் வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் காட்டியது. துணிக்கை இல்லாவிட்டாலும் அந்த நுட்பம் நிலைக்கும். குழுக்களும் சிறியவை. குளிரூட்டி பழுதானால் திருத்துவதும் மாணவர்தான், இரவு காவலும் மாணவர்தான், கட்டுரையில் வரைபடம் போடுவதும் மாணவர்தான்.

சேர்ன்

எல்.எச்.சி.யின் 27 கிலோமீற்றர் வளையத்தில் ஹிக்ஸுக்குப் பிறகு புதிய அடிப்படைத் துணிக்கை எதுவும் வரவில்லை. அடுத்ததாக 91 கிலோமீற்றர் சுற்றளவில் ஒரு வளையம் பற்றிப் பேசுகிறார்கள். முதற்கட்டச் செலவு 15 பில்லியன் சுவிஸ் பிராங்க் அளவில், தொடங்குவது 2040களின் நடுப்பகுதியில். அது கட்டப்பட வேண்டுமா என்பதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு, ஆனால் இந்தப் பிள்ளையின் தீர்மானத்துக்கு அது தேவையில்லை. அவர் பட்டம் முடிக்கும்போது கிடங்கு வெட்டக்கூடத் தொடங்கியிருக்காது. எல்.எச்.சி.யின் இரண்டு பெரிய பரிசோதனைகளான அட்லஸ், சி.எம்.எஸ். கட்டுரைகளில் ஏறத்தாழ 3000 பெயர்கள் வரும். தரவுப் பகுப்பாய்வில் தேறலாம், உலகத்தோடு பழகலாம். நம்மூர் வெயிலில் உட்கார்ந்தே தொடங்கவும் முடியும்: சேர்ன் தன் மோதல் தரவுகளின் ஒரு பகுதியை 2014 முதல் எவரும் இறக்கிப் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது.

சேர்னுக்குள்ளேயே எனக்குப் பிடித்தது ஒரு சின்னச் சாமான். ஃபேசர் என்று பெயர். அட்லஸ் மோதல் புள்ளியிலிருந்து 480 மீற்றர் தள்ளி, பாவிக்காமல் கிடந்த ஒரு பக்கச் சுரங்கத்தில் வைத்த, ஏழு மீற்றர் அளவு நீளமான கருவி. மற்றப் பரிசோதனைகளில் மிஞ்சிக் கிடந்த உதிரிப் பாகங்களையும் வாங்கிப் பொருத்தினார்கள். தேடியது கரும்போட்டன் என்ற ஊகத் துணிக்கையை. அது கிடைக்கவில்லை. ஆனால் 2023இல், ஆர்முடுக்கியின் மோதலில் பிறந்த நியூத்திரினோக்களை உலகில் முதல் தடவையாக நேரில் கண்டது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த நியூத்திரினோக்கள் பெரிய கருவிகளின் குருட்டுப் பக்கத்தால் நழுவிப் போய்க்கொண்டிருந்தன. செலவோடு ஒப்பிட்டால் ஊகத் தேடலில் இவ்வளவு இலாபம் கண்டது சமீபத்தில் வேறில்லை என்பேன்.

வடமுனையோ தென்முனையோ மட்டும் தனியாக உள்ள ஒற்றைமுனைக் காந்தம் தேடும் குழுக்களும் சேர்னில் உண்டு. 1982 பெப்ரவரி 14இல் ஸ்ரான்போர்ட்டில் பிளாஸ் கப்ரேராவின் கருவியில் ஒரேயொரு தடவை அது வந்ததுபோல் பதிவானது. மறுபடி வரவேயில்லை. சுவையான கதை, கலாநிதிப் பட்டத்துக்கு நான் அனுப்பமாட்டேன்.

சபீன ஹொசன்பெல்டர் சொல்வது

ஜெர்மனியப் பௌதிகவியலாளரான இவர், துணிக்கைகளைக் கற்பனையில் உருவாக்கி, கிடைக்காதபோது கொஞ்சம் மாற்றி மறுபடி உருவாக்குவது ஒரு தொழிலாகிவிட்டது என்று பல வருடமாகச் சாடி வருகிறார். அவரிடம் நியாயம் இருக்கிறது. 2015 டிசம்பரில் எல்.எச்.சி. தரவில் 750 ஜி.இ.வி. (துணிக்கைச் சக்தியின் அலகு) இடத்தில் ஒரு சிறு மேடு தெரிந்தது. சில மாதத்தில் நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு தட்டையாகிவிட்டது. வெறும் புள்ளிவிபரத் தற்செயல். அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களுக்கு அதனால் ஒரு நட்டமும் வரவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஆனால் இந்தச் சாட்டை கோட்பாட்டாளர் முதுகில்தான் கூடுதலாக விழ வேண்டும். பரிசோதனை செய்பவர் இல்லாத துணிக்கைக்காகக் கட்டினாலும் கட்டியது உண்மையான கருவி. அளந்ததும் உண்மையான எண். அதோடு, எல்லாத் தேடலையும் ஒரே தட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த இடம்வரை பார்த்தால் ‘இல்லை’ என்று ஒத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லும் தேடலும், பார்க்கப் பார்க்க எல்லையைத் தள்ளிக்கொண்டே போகும் தேடலும் ஒன்றல்ல. மீச்சமச்சீர் இரண்டாவதில் விழுந்துவிட்டது. விம்ப் அதன் ஓரத்தில் நிற்கிறது. அக்சியனுக்குப் பரப்புப் பெரிதென்றாலும், பார்த்த துண்டு பார்த்ததுதான்.

சுனாமியும் யுத்தமும் 2022 நெருக்கடியும் கண்ட ஊரிலிருந்து போகும் பிள்ளை இதையா படிக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. டெங்குவைப் படிக்கலாமே, நெல்லைப் படிக்கலாமே. இணைய வலை 1989இல் சேர்னில் பிறந்தது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை; வலைதான் வேண்டுமென்றால் நேராக வலையையே செய்திருக்கலாம். என் பதில் வேறு. அவர் போகாவிட்டால் செனன் வாங்கும் பணம் நம் ஆஸ்பத்திரிக்கு வரப்போவதில்லை. நம்முடையது அவருடைய காலம் மட்டும்தான். மங்கலான சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கத் தெரிந்த ஒருவர் வந்தாறுமூலைக்குத் திரும்பி வந்து கற்பித்தால் அது இந்தப் பக்கத்துக்குப் பெரிய வரவு. திரும்பி வருவாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நான் கேட்கவில்லை.

என் வரிசை

அக்சியன் முதலாவது. காரணம் வலுவானது, குழு சிறியது, கைவேலை முழுமையானது, நுட்பத்துக்கு வெளியிலும் வேலை உண்டு. இரண்டாவது சேர்ன். ஆனால் ஃபேசர் போன்ற சிறு கருவியில், அதுவும் கருவியைத் தொட விடுவதாக மேற்பார்வையாளர் எழுத்தில் சொன்னால் மட்டும். வெறும் மீச்சமச்சீர்ப் பகுப்பாய்வு என்றால் வேண்டாம். செனன் மூன்றாவது, அறிவியல் பெறுமதியில் அல்ல, சேரும் காலத்தில் பின்தங்கியதால். இதே கேள்வியை 2015இல் கேட்டிருந்தால் செனனைத்தான் முதலில் வைத்திருப்பேன்.

விண்ணப்பத்துக்கு முன் மூன்று மேற்பார்வையாளர்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதச் சொல்லியிருக்கிறேன். துணிக்கை கிடைக்காவிட்டால் என் ஆய்வேட்டின் தலைப்பு என்னவாக இருக்கும்? உங்கள் கடைசி மூன்று மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? முதல் வருடத்தில் என் கையில் தரப்போகும் கருவி எது? கேட்டால் கோபிப்பார்களோ என்று பிள்ளை தயங்கினார். இதற்குக் கோபிக்கும் மேற்பார்வையாளரிடம் ஐந்து வருடம் இருக்க முடியாது, அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும். அதற்கிடையில் பைதனில் இரைச்சல் நிறமாலை போடப் பழகிக்கொள்ளலாம், சேர்ன் திறந்த தரவில் ஒரு சிறு பகுப்பாய்வையும் செய்து பார்க்கலாம். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் இரண்டும் உதவும். அக்சியன் குழுவின் பதில் மழுப்பலாகவும் செனன் குழுவின் பதில் தெளிவாகவும் வந்தால், மேலே போட்ட வரிசையைத் தலைகீழாக்கிச் செனனுக்கே விண்ணப்பிக்கச் சொல்வேன்.